கமோ ஆற்றங்கரையில் நான்கு நாள் சும்மா இருக்க

ஒசாகாவில் ஒரு வாரம் அலுவலக வேலை, அது முடிந்ததும் நான்கு நாள் விடுப்பு கையில் இருக்கிறது. கியோட்டோவில் தனியாக, ஆற்றங்கரையில் ஓர் அறை எடுத்து, கோயில் கோயிலாக ஓடாமல் நடந்து, காபி குடித்து, புத்தகம் படித்து ஓய்வெடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சைவம் என்றும், தனியாகப் போவது இதுதான் முதல் முறை என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். ஆனால் கியோட்டோ இரண்டு ஊர். ஒன்று, எல்லோரும் படம் எடுக்கிற ஊர்: ஃபுஷிமி இனாரி, கியோமிசு, அராஷியாமா மூங்கில் காடு. அங்கே போய்விட்டு ஓய்வெடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்றொன்று, கமோ ஆற்றை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். மாணவர்களும் தாத்தா பாட்டிகளும் நாய்களும் நாரைகளும் இருக்கிற ஊர். நான் ஒசாகாவில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது மாதம் ஒரு தடவையாவது இரண்டாவது கியோட்டோவுக்குப் போய்விடுவேன். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பெரும்பாலானோர் முதலில் ஹோட்டலைப் பிடித்துவிட்டு அங்கிருந்து எங்கே போகலாம் என்று பார்ப்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம். முதலில் ஆற்றில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அந்தத் துண்டில் அறை. அப்புறம் அந்த அறையிலிருந்து நடக்கிற தூரத்தில் இரண்டு காபிக் கடை. பேருந்து ஏறாமல் நான்கு நாளும் ஓடிவிட வேண்டும், கணக்கு அவ்வளவுதான். கியோட்டோவின் மாநகரப் பேருந்து 230 யென்தான், ஆனால் சுற்றுலாக் காலத்தில் அதில் நின்றுகொண்டு போனால் நான்கு நாள் ஓய்வும் நாற்பது நிமிடத்தில் கரைந்துவிடும்.

ஆற்றைப் புரிந்துகொள்வது எளிது. கியோட்டோ 794இல் தலைநகராகக் கட்டம் கட்டமாகப் போடப்பட்ட ஊர். குறுக்குத் தெருக்களுக்கு எண்தான் பெயர்: நிஜோ என்றால் இரண்டாவது, சஞ்சோ மூன்றாவது, ஷிஜோ நான்காவது, கோஜோ ஐந்தாவது. அந்தத் தெருக்கள் ஆற்றைக் கடக்கிற இடத்தில் அதே பெயரில் பாலம். ஆறு தெற்கே ஓடுகிறது, பாலத்தின் எண் கூடிக்கொண்டே போகும். கிழக்கில் எப்போதும் ஹிகாஷியாமா மலைத்தொடர் தெரியும். இந்த மூன்றையும் நினைவில் வைத்தால் கைபேசி வரைபடம் தேவையே இல்லை.

இந்த நீளத்தில் எந்தத் துண்டு? ஷிஜோவிலிருந்து சஞ்சோ வரை பத்து நிமிட நடை, ஊரின் நெருக்கமான பகுதி. மேற்குக் கரையில் பொன்டோச்சோ என்ற ஒற்றையடிச் சந்து, அதற்கு அடுத்து கியாமாச்சி, இரண்டுமே இரவில் விழித்திருக்கும் இடங்கள். வெள்ளி இரவு சஞ்சோ பாலத்தடியில் கிதார், சிரிப்பு, பீர் டப்பா என்று ஒரு மணி வரை ஓடும். கூட்டத்தின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது சிலருக்குப் பிடிக்கும், எனக்கும் சில நாள் பிடிக்கும். ஆனால் தூங்குவதற்கு அது சரியில்லை. கோஜோவுக்குத் தெற்கே விலை குறையும், அமைதியும் உண்டு. என்றாலும் நடந்து போய் உட்காரக் கடைகள் குறைவு.

நான் சொல்வது, நிஜோவுக்கு வடக்கே இருக்கிற மருட்டாமாச்சி பாலத்துக்கும் அதற்கும் வடக்கே டெமாச்சியானகி ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட துண்டு. வடக்கே இரண்டு ஆறுகள் சேர்கிற இடம் இருக்கிறது. வடமேற்கிலிருந்து கமோ, வடகிழக்கிலிருந்து தகானோ. சேரும் முனையில் ஒரு முக்கோணத் திட்டு, உள்ளூரில் அதை டெல்டா என்றே சொல்கிறார்கள். ஒரு வேடிக்கை: அந்த முனைக்கு மேலே கமோவை ஒரு எழுத்தில் எழுதுவார்கள், கீழே வேறு எழுத்தில். உச்சரிப்பு ஒன்றேதான். கீழே எழுதுகிற எழுத்துக்கு வாத்து என்று பொருள், வாத்துகளும் இருக்கின்றன.

டெல்டாவில் ஆற்றைக் கடக்கப் பாலம் மட்டுமல்ல, தண்ணீரில் வரிசையாகக் கற்கள் போட்டிருக்கிறார்கள். சிலது சதுரம், சிலது ஆமை வடிவம், சிலது பறவை வடிவம். ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நீட்டி எட்டு வைக்கிற தூரம். எதிரே ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்துவிட்டால் யாராவது ஒருவர் ஆமை முதுகின் ஓரத்துக்கு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் காலடியில் தண்ணீர் கற்களின் இடுக்கில் புகுந்து வேகமெடுத்துப் போவது தெரியும். முதல் நாள் பயந்து பயந்து கடந்த நான் மூன்றாம் நாள் கையில் காபிக் கோப்பையோடு கடந்தேன். மழை பெய்து தண்ணீர் ஏறினால் கற்கள் மூழ்கிவிடும், அன்றைக்குப் பாலம்தான்.

இந்த ஆறு எப்போதும் இவ்வளவு சாதுவாக இருந்ததில்லை. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பு ஷிராகாவா என்ற பேரரசர், என் சொல்லுக்குக் கட்டுப்படாதவை மூன்று, கமோவின் வெள்ளம், பகடைக்காய், மலை மடத்துத் துறவிகள் என்று அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். 1935 ஜூனில் வந்த வெள்ளத்தில் பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. அதற்குப் பிறகுதான் ஆற்றைத் தோண்டி ஆழப்படுத்திக் கரைகளைத் திருத்தினார்கள். இன்று பார்க்கும் படிப்படியான சிறு தடுப்பணைகளில் தண்ணீர் விழுகிற ஓசை, அறைக்குள் படுத்திருந்தால் விடாமல் பெய்கிற மழை போலக் கேட்கும். எனக்கு அது தாலாட்டு. சத்தம் இருந்தால் தூக்கம் வராது என்பவரானால் தடுப்பணைக்கு நேரெதிர் அறை வேண்டாம்.

சரி, அறைக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். ஆற்றைப் பார்த்த அறை என்று கூடுதல் பணம் கொடுத்துக் கிழக்குக் கரையில் ஓர் அறை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் முதலில் கவாபாட்டா சாலை, அதில் லாரியும் பேருந்தும், அதற்கு அப்பால் மரங்கள், மரங்களுக்கு இடையில் கொஞ்சம் ஆறு. பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. ஆறு தெரியத்தான் செய்தது. முன்பு ஒசாகாவையும் கியோட்டோவையும் இணைக்கிற கேய்ஹான் ரயில் கிழக்குக் கரையிலேயே தரைமேல் ஓடியது. 1987இல் அதைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள், மேலே சாலை அகலமானது. ஆகவே கிழக்குக் கரையில் உங்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே எப்போதும் ஒரு பெரிய சாலை இருக்கும். மேற்குக் கரையில், குறிப்பாக நிஜோவுக்குத் தெற்கே, கட்டடத்தின் முதுகு நேராக ஆற்றின் மேல் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் ஆறு, எதிர்க்கரை மரங்கள், அதற்கு மேல் மலை.

மேற்குக் கரை அறைக்கு ஒரு விலை உண்டு. ஜன்னல் கிழக்கு பார்த்தது. ஜூன் மாதத்தில் கியோட்டோவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், நேராகக் கண்ணில் அடிக்கும். கனத்த திரை இருக்கிறதா என்று விருந்தினர் எடுத்த படங்களில் பாருங்கள். அதிகாலையில் எழுகிறவர் என்றால் இதுவே வரம்: மலைக்குப் பின்னால் வெளுத்து, ஆற்றின் மேல் வெளிச்சம் இறங்கி, முதல் ஓட்டக்காரர் வருவதைப் போர்வைக்குள்ளிருந்தே பார்க்கலாம்.

முன்பதிவு செய்யும்போது ஹோட்டலின் பெயரை நம்பாமல் அறை வகையைப் படியுங்கள். ஆற்றோரக் கட்டடத்திலும் பாதி அறைகள் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். ஒற்றை ஆள் அறைகள் பெரும்பாலும் தெருப் பக்கம் தள்ளப்பட்டிருக்கும் என்பது என் அனுபவம். வேண்டுமானால் இரண்டு இரவு ஆற்றைப் பார்த்த அறை, இரண்டு இரவு ஒரு சந்து தள்ளிச் சாதாரண அறை என்று பிரித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நடுவில் பெட்டி கட்டுவது ஒரு நாளைத் தின்றுவிடும். பணம் இடித்தால் நான்கு நாளும் சந்து தள்ளியே எடுங்கள். ஆறு மூன்று நிமிடத்தில் இருக்கிறது, ஜன்னலில் இருக்க வேண்டும் என்பதில்லை.

மச்சியா எனப்படும் பழைய மரவீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள். முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகும் அமைப்பு. விலாங்கு மீன் படுக்கை என்று அதைக் கேலியாகச் சொல்வார்கள். படத்தில் அழகு. ஆனால் முதன்முறை தனியாகப் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வரவேற்பில் ஆள் இருக்காது, கடவுச்சொல் போட்டுக் கதவு திறக்க வேண்டும், படி செங்குத்து, இரவில் மரம் முறுக்கிக்கொள்கிற சத்தம் வேறு. கீழே ஒருவர் இருந்து நீங்கள் வரும்போது தலையசைக்கிற இடம்தான் தனியாகப் போகிறவருக்கு நல்லது. அந்த ஒரு தலையசைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இரண்டாம் நாள் மாலை தெரியும்.

கியோட்டோவில் தங்கும் வரி தனியாக உண்டு, அறைக் கட்டணத்தில் சேராமல் ஹோட்டலில் கேட்பார்கள். 2018 அக்டோபரில் வந்த வரி, 2026 மார்ச் 1 முதல் கூட்டப்பட்டது. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு, அறை 6,000 யெனுக்குக் கீழே என்றால் 200 யென், 6,000 முதல் 20,000க்குள் 400 யென், 20,000 முதல் 50,000க்குள் 1,000 யென். அதற்கு மேலும் படிகள் இருக்கின்றன, உச்சத்தில் 10,000 யென். நமக்கு அந்த உயரம் வேண்டாம்.

ஒசாகாவிலிருந்து வருவதால் உங்களுக்கு ஒரு வசதி. கியோட்டோ பெரிய ரயில் நிலையத்தை மிதிக்கவே வேண்டாம். ஒசாகாவில் யொடோயாபாஷி நிலையத்தில் கேய்ஹான் விரைவு வண்டி ஏறினால் ஒரு மணி நேரம் போல டெமாச்சியானகியில் இறங்கலாம். அது கடைசி நிலையம், தவறவிட வழியே இல்லை. கியோட்டோவுக்குள் நுழைந்ததும் வண்டி சுரங்கத்தில் போகும். தலைக்கு மேலே ஆறு பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தும் பார்க்க முடியாது. படி ஏறி வெளியே வந்தால் எதிரே டெல்டா. விமான நிலையத்துக்குத் திரும்பும்போது அதே கேய்ஹானில் டோஃபுகுஜியில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கிற ஜேஆர் என்ற இன்னொரு ரயில் நிறுவனத்தின் வண்டிக்கு மாறினால் அடுத்த நிலையமே கியோட்டோ. அங்கிருந்து கன்சாய் விமான நிலையத்துக்கு ஹருகா வண்டி, ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

இப்போது காபிக் கடைகள். இதைப் பற்றித்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

ஜப்பானில் கஃபே என்பது வேறு, கிஸ்ஸாட்டென் என்பது வேறு. வெள்ளைச் சுவர், மரப்பலகை, மடிக்கணினி, ஓட்ஸ் பால் என்றால் கஃபே. மங்கிய விளக்கு, தேய்ந்த வெல்வெட் நாற்காலி, பித்தளைப் பிடி, கழுத்துப் பட்டையோடு ஒரு பெரியவர் துணி வடிகட்டியில் நிதானமாகத் தண்ணீர் ஊற்றுகிறார் என்றால் கிஸ்ஸாட்டென். கியோட்டோவின் சொத்து இரண்டாவதுதான். இரண்டாம் உலகப் போரில் பெரிய குண்டுவீச்சு இல்லாமல் தப்பிய ஊர் என்பதால் 1930களின் கடைகள் அப்படியே நிற்கின்றன.

டெமாச்சியானகியிலிருந்து கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் வடக்கு வாசலுக்கு எதிரே ஷின்ஷிண்டோ. 1930இல் திறந்தது. உள்ளே நீண்ட கனமான மர மேசைகள், இரண்டு பக்கமும் பலகை இருக்கைகள், யார் பக்கத்திலும் யாரும் உட்காரலாம். அந்த மேசைகளைச் செய்தவர் குரோடா தத்சுவாக்கி. பின்னாளில், 1970இல், மரவேலைக்காக அரசு அவரை வாழும் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்தது. மேசையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தொண்ணூறு ஆண்டுகளாக மாணவர்களின் முழங்கை பட்டு வழுவழுத்துப் போயிருக்கிறது. நான் ஒரு மதியம் அங்கே போய் உட்கார்ந்தேன். எதிரே ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு பாட்டி கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனியாக இருக்கிறோம் என்ற உறுத்தல் ஒரு கணம்கூட வரவில்லை. தனியாகப் போகிறவர் முதல் நாளே போக வேண்டிய கடை அது.

ஆற்றோடு நடந்து சஞ்சோவுக்கு வந்தால் கவராமாச்சி சாலையில் ரோக்குயோஷா, 1950. மேலே ஒரு கடை, படி இறங்கினால் கீழே ஒரு கடை, இரண்டுமே நீளமாக, சின்னதாக இருக்கும். கீழே மேடை போன்ற நீளப் பலகைக்கு முன் உட்கார்ந்து காபியும் வீட்டில் செய்த டோனட்டும். பழுப்பாக, சர்க்கரைப் பூச்சு எதுவுமில்லாத டோனட், வெளியே மொறுமொறு. மாலையில் கீழ்த்தளம் மதுக்கடையாகிவிடும், அதற்கு முன்பு போய்விடுங்கள்.

இனோடா காபி 1940இல் தொடங்கியது, மூலக்கடை சகாய்மாச்சித் தெருவில். காலை ஏழு மணிக்கே திறந்துவிடும். கருங்காபி குடிக்கப் பிடிக்காத நம்மவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அங்கே பழைய வழக்கம், காபியில் பாலும் சர்க்கரையும் கலந்தேதான் கொண்டு வருவார்கள். பேச்சில் மூழ்கிய வாடிக்கையாளர்கள் காபியை ஆறவிட்டு, பிறகு பாலும் சர்க்கரையும் சரியாகக் கரையாமல் தவித்ததால் வந்த பழக்கம் என்று கதை சொல்வார்கள். இப்போது போடட்டுமா என்று கேட்கிறார்கள். போடச் சொல்லுங்கள். வீட்டு டிகிரி காபி இல்லை அது, ஆனாலும் நான்கு நாள் வெளியூர் நாக்குக்கு ஒத்தடம் போல இருக்கும். 1999இல் தீப்பிடித்து மறுபடி கட்டிய கடை என்பது பார்த்தால் தெரியாது.

ஷிஜோ பக்கம் ஃபிரான்சுவா, சுவாரே இரண்டும் அருகருகே, தகாசே கால்வாயை ஒட்டி. கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடுகிற இந்தக் கால்வாயை சுமினோகுரா ரியோய் என்ற வணிகர் 1614இல் வெட்டி முடித்தார். சரக்குப் படகுகள் 1920 வரை ஓடின என்று சொன்னால் நம்ப முடியாது. ஃபிரான்சுவா 1934, ஓவியர் மில்லேயின் பெயரில் வைத்தது. உள்ளே பழைய கப்பல் அறை மாதிரி வளைந்த கூரை. போருக்கு முன் போரை எதிர்த்தவர்கள் கூடிய இடம். சுவாரே 1948, உள்ளே முழுக்க நீல விளக்கு, ஐந்து வண்ணத் துண்டுகள் மிதக்கிற ஜெல்லி பானம். இளைஞர்கள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள், நீங்கள் ஒரு மழை நாள் காலையில் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இந்த ஐந்தையும் சுற்றி முடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டால் கோயிலுக்குப் பதில் காபிக் கடை, ஓட்டம் அதே ஓட்டம்தான். இரண்டைத் தேர்ந்தெடுத்து இரண்டு இரண்டு தடவை போங்கள். இரண்டாம் நாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் உட்காரும்போது தண்ணீர்க் கோப்பையை வைக்கிற கை ஒரு நொடி நிற்கும். நேற்று வந்த ஆள் என்று அடையாளம் தெரிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அதுதான். அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சில பழக்க வழக்கங்கள். உள்ளே போனதும் இடத்தைக் காட்டும் வரை நில்லுங்கள். எத்தனை பேர் என்று கேட்பார்கள், ஒரு விரலைக் காட்டினால் போதும். தனி ஆளுக்கு நீளப் பலகை முன்னால் இடம் தருவது அவமதிப்பு அல்ல, கடையின் நல்ல இடமே பெரும்பாலும் அதுதான். மடிக்கணினியைத் திறக்காதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், சில கடைகளில் கூடாது. மேசையில் ஒரு சீட்டு வைப்பார்கள், போகும்போது அதை எடுத்துக்கொண்டு வாசலில் பணம் கொடுக்க வேண்டும். அன்பளிப்புக் காசு வைக்காதீர்கள், துரத்திக்கொண்டு வந்து திருப்பிக் கொடுப்பார்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். ஒரு காபி 700 யென் பக்கம் வரும், அந்தக் காசு காபிக்கு மட்டுமல்ல, நாற்காலிக்கும்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் உணவகங்களில் புகை தடை வந்தாலும் பழைய சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. புகை ஆகாதென்றால் வாசலில் உள்ள அறிவிப்பைப் பாருங்கள். ஒவ்வொரு கடைக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவத்துக்குக் காலை நேரம் மிக எளிது. ஜப்பானில் ரொட்டி அதிகம் சாப்பிடும் ஊர்களில் கியோட்டோ ஒன்று. கிஸ்ஸாட்டென்களில் காலை வேளையில் தடித்த டோஸ்ட், வெண்ணெய், காபி சேர்த்துக் கிடைக்கும். பெரிய அப்பம் மாதிரியான ஹாட்கேக்கில் முட்டை இருக்கும், அது ஆகுமா என்பது உங்கள் வழக்கம். சிக்கல் இரவுச் சாப்பாட்டில்தான். மீன் கண்ணுக்குத் தெரியாது, சாற்றில் இருக்கும். தெளிந்த சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் கட்சுவோ மீன் சீவல் போட்ட தாஷி என்ற சாறு. இறைச்சி இல்லை என்று சொன்னால் மீன் இல்லை என்று அவர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள். மீன் சாறும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். மடத்துச் சமையல் வகையான ஷோஜின் முழுச் சைவம், டோஃபுவும், சோயாப் பாலின் ஆடையான யூபாவும் கியோட்டோவின் பெருமை. ஒரு வேளை அதற்குச் செலவழியுங்கள். மற்ற இரவுகளில் இந்திய உணவகமோ, அங்காடியில் வாங்கிய ரொட்டியும் பழமுமோ போதும்.

மே முதல் கோடை முழுக்க நிஜோவுக்கும் கோஜோவுக்கும் இடையில் மேற்குக் கரை உணவகங்கள் ஆற்றின் பக்கமாக மரமேடை கட்டிச் சாப்பாடு போடுவார்கள். பார்க்கப் பிரமாதம். ஆனால் பல இடங்களில் இரண்டு பேருக்குக் குறைந்தால் முன்பதிவு எடுப்பதில்லை, சாப்பாடும் மீன் சார்ந்தது. தனி ஆளுக்கு ஒரு குறுக்கு வழி: சஞ்சோ பாலத்து ஸ்டார்பக்ஸிலும் கோடையில் அந்த மேடை உண்டு. ஒரு காபி விலையில் ஆற்றின் மேல் உட்கார்ந்துவிடலாம். இவ்வளவு பழைய கடைகளைப் புகழ்ந்துவிட்டு அங்கே அனுப்புகிறேனே என்று சிரிக்காதீர்கள், நானே போயிருக்கிறேன்.

ஆற்றங்கரையில் உட்காருவதற்கு ஒரு எழுதாத விதி இருக்கிறது. சஞ்சோவுக்கும் ஷிஜோவுக்கும் நடுவே மாலையில் ஜோடிகள் அளந்து வைத்தாற்போல் சம இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஜோடி எழுந்தால் இன்னொன்று நடுவில் வரும், இடைவெளி தானாகத் திருத்திக்கொள்ளும். தனியாக அந்த வரிசையில் உட்கார்ந்தால் பல்லிடுக்குப் போலத் தெரியும். மருட்டாமாச்சிக்கு வடக்கே போய்விட்டால் எல்லோரும் தனி ஆள்தான்: நாய் நடத்துகிறவர், பாலத்தடியில் டிராம்போன் பழகுகிற மாணவி, மீனுக்காக அரை மணி நேரம் ஒற்றைக் காலில் நிற்கிற நாரை.

பருந்துகளைப் பற்றி எச்சரிக்காமல் விட்டால் பாவம். டெல்டா முனையில் உட்கார்ந்து ஒரு பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது கடிக்காகக் கையைத் தூக்கினேன், பின்னாலிருந்து காது ஓரம் ஒரு காற்று, விரல்களில் ஒரு தட்டல். கை காலியாக இருந்தது. மேலே பார்த்தால் பழுப்பு நிறப் பருந்து, என் பன்னோடு ஷிமோகாமோ மரங்களுக்கு மேல் வட்டம் போடுகிறது. பக்கத்தில் இருந்த இரண்டு மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு தலை குனிந்தார்கள். எச்சரிக்கைப் பலகை எனக்குப் பத்தடி தள்ளி நின்றது. முன்னால் இருந்து வராது, எப்போதும் முதுகுப் பக்கம்தான். மரத்தடியில் அல்லது பாலத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டால் பயமில்லை.

நாள்களை எப்படிக் கழிப்பது என்று கேட்டால், காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு கடை, மாலையில் ஆறு, இதற்கு மேல் ஒன்றும் எழுதிக்கொள்ளாதீர்கள். ஏதாவது பார்த்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால் டெல்டாவுக்கு மேலே தாதசு-நோ-மோரி என்ற காடு, ஷிமோகாமோ ஆலயத்தின் முன்னால் ஊருக்கு நடுவில் நிற்கிறது, 12 ஹெக்டேர். காலை ஏழு மணிக்குப் போனால் பெருக்குமாறு சத்தம் மட்டும் இருக்கும். அல்லது டெமாச்சியானகியிலிருந்து எய்சான் என்ற குட்டி ரயிலில் மூன்றாவது நிறுத்தம் இச்சிஜோஜி. அங்கே கெய்புன்ஷா என்ற புத்தகக் கடை. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் அட்டைகளையும் காகிதத்தையும் பார்த்தே ஒரு மணி நேரம் போய்விடும். சஞ்சோ பாலம் போனால் கைப்பிடித் தூண்களின் வெங்காய வடிவக் குமிழ்களில் ஒன்றில் வாள் வெட்டுத் தழும்பு இருக்கிறது, 1864 கலவரத்தில் பட்டது என்பார்கள். தேடிப் பாருங்கள், மேற்கு முனை அருகே.

எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதவில்லை. மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம், நவம்பர் பின்பாதி மூன்றும் அறை விலை ஏறி, ஊரே பிதுங்கும் நாள்கள். ஜூலையில் கியோன் திருவிழா. ஆகஸ்ட் வெயில் மலைகளுக்கு நடுவே தேங்கிக் கொதிக்கும், சென்னைக்காரர்களே திணறுவார்கள். ஜூன் மழை எனக்குப் பிடித்தது, குடையோடு காபிக் கடைக்குப் போவதற்கென்றே வந்த மாதம். ஜனவரி, பிப்ரவரியில் தரையிலிருந்து ஏறுகிற குளிர், ஆனால் கரையில் ஆளே இருக்காது, கடையில் எந்த இடமும் கிடைக்கும். அப்போது போவதானால் கனத்த காலுறை இரண்டு ஜோடி.

பாதுகாப்பில் பெரிய கவலை வேண்டாம். ஆனால் ஆற்றோரப் பாதையில் வடக்கே போகப் போக விளக்கு குறைவு. இருட்டிய பிறகு கரைக்கு இறங்காமல் மேலே சாலையோடு நடந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, டெல்டாவுக்கு மேற்கே, பாலம் தாண்டினால் ஃபுதாபா என்ற மொச்சிக் கடை, 1899இலிருந்து இருக்கிறது. உப்பிட்ட செம்பட்டாணி பதித்த வெள்ளை மாவு உருண்டை, உள்ளே இனிப்புப் பயறு, சுத்த சைவம். வரிசை நீளமாகத் தெரியும், வேகமாக நகரும். அன்றே சாப்பிட வேண்டியது, மறுநாள் மாவு இறுகிவிடும், ஆகவே ஊருக்கு வாங்கிக்கொண்டு போக நினைக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. இரண்டு வாங்கி, டெல்டா முனைக்குப் போகாமல் இந்தப் பக்கமே ஒரு மரத்தடியாகப் பார்த்து உட்காருங்கள், முதுகு மரத்தில் சாய்ந்திருக்கட்டும்.